அண்டர்கிரவுண்ட் அறையில் ஹோம் தியேட்டர்: ஸ்பீக்கர் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் மனை கொஞ்சம் சரிவாக இருந்தால் போதும், கீழே ஓர் அறை எடுத்து ஹோம் தியேட்டர் போட்டுவிடலாம் என்ற யோசனை வந்துவிடுகிறது. நல்ல யோசனைதான். பெருந்துறை பக்கம் எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஆனால் அதைச் செய்து முடிப்பதற்குள் நான் கேட்ட ஆலோசனைகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. கடைக்காரர் வாட் கணக்கு சொன்னார், இன்டீரியர்காரர் சுவரில் ஒட்டும் ஃபோம் படத்தைக் காட்டினார். யூடியூபில் சொல்வதெல்லாம் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்க வீட்டுக்கு. அந்தச் சுவர் பேஸ் (கீழ் ஸ்தாயி) சத்தத்தில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும். நம் கான்கிரீட் சுவர் விடாது. பெரும்பகுதி அறைக்குள்ளேயே சுழலும். அதனால் அவர்கள் சொல்லும் அளவுகள் நமக்கு அப்படியே பொருந்தாது.

பணம் எவ்வளவு வைத்திருந்தாலும் வரிசை இதுதான்: முதலில் அறை, அப்புறம் ஸ்பீக்கர். சாதாரண ஸ்பீக்கர் நல்ல அறையில் நன்றாகவே பாடும். விலை உயர்ந்த ஸ்பீக்கரை வெற்றுக் கான்கிரீட் அறையில் வைத்தால் வசனமே புரியாது.

1. ஈரத்தை முடித்துவிட்டுத்தான் மற்றது

மழைக்காலத்தில் மட்டும் ஈரம் வரும் என்று நினைக்க வேண்டாம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் சுற்றுவட்டாரத்தில் கிணற்று மட்டம் ஏறும். மழையே இல்லாமல் கீழ் அறைச் சுவரில் ஒரம்பு (நீர்க்கசிவு) எடுக்கும். குளத்தை ஒட்டிய மனைக்கும் இதே கதைதான். மனை வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, பக்கத்துக் கிணற்றில் வருஷத்தில் அதிகபட்சம் எத்தனை அடிக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று தோண்டுவதற்கு முன்பே அக்கம்பக்கத் தோட்டக்காரர்களிடம் கேளுங்கள். அந்தத் தகவல் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

நீர்த்தடுப்பு வேலையை மண் நிரப்புவதற்கு முன், சுவரின் வெளிப்பக்கம் செய்ய வேண்டும். உள்ளே மட்டும் பூசினால் தண்ணீரின் அழுத்தம் நாளடைவில் பூச்சைத் தள்ளிவிடும். "உள்ளே கெமிக்கல் அடிச்சுட்டா ஒண்ணும் ஆகாதுங்க" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலையை எடுத்தவரிடம் எத்தனை ஆண்டு உத்தரவாதம், எந்தப் பொருள், எத்தனை கோட் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். பிரிக்கும்போது ஷீட்டின் சுவர்ப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் அது காற்றில் உள்ள ஈரம். காற்றோட்டமும் ஏசியும் அதைச் சரிசெய்துவிடும். தரையிலும் இதையே செய்யுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று கடந்த பிறகே சுவரை மூடும் வேலையைத் தொடங்குங்கள். அவசரப்பட்டு பேனல் அடித்தவர்கள் ஒரே வருஷத்தில் பூஞ்சை பிடித்ததென்று கழற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

படிக்கட்டின் தலைப்பில் ஒரு படி உயரத்துக்குத் தடுப்பு கட்டுங்கள். கீழே சின்னத் தொட்டி வைத்து மோட்டார் போட்டால், அந்த மோட்டாருக்கு இன்வெர்ட்டர் இணைப்பும் கொடுங்கள். பெருமழையும் மின்தடையும் சேர்ந்துதான் வரும்.

2. அனுமதி, மின்சாரம், காகிதங்கள்

கீழ் அறையை வரைபடத்தில் காட்டாமல் தோண்டக் கூடாது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உங்கள் மனைக்குக் கீழ்த்தளம் எடுக்கலாமா, எந்தப் பயன்பாட்டுக்கு எடுக்கலாம் என்பதை இன்ஜினியரிடம் எழுத்தில் கேளுங்கள். பின்னால் வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போது வரைபடத்தில் இல்லாத அறை தலைவலியாக நிற்கும்.

ஏசி, புரொஜெக்டர், ரிசீவர் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி), சப்வூஃபர் (பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) எல்லாம் சேர்ந்தால் இரண்டரை, மூன்று கிலோவாட் வரை போகலாம். மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு அதற்குப் போதுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள். இந்த அறைக்குத் தனி எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிப்பது), ஒழுங்கான எர்த் மூன்றும் வேண்டும். மும்முனை மின் இணைப்பு உள்ள வீடானால் ஒலிக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே முனையில், ஒரே சர்க்யூட்டில் போடுங்கள். ஆளுக்கொரு பக்கம் இருந்தால் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்ற இரைச்சல் வரலாம். அதற்குக் காரணம் தேடியே மாதங்கள் போகும். கோடை மழை இடிக்குப் பல ரிசீவர்கள் போயிருக்கின்றன. சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம்.

3. அறை அளவு: ஒரு கணக்கு

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சில பேஸ் அலைவரிசைகள் மட்டும் வீங்கி நிற்கும். எவை என்று கண்டுபிடிக்க 565-ஐ அடிக் கணக்கிலான தூரத்தால் வகுங்கள். 20 அடி நீளமானால் சுமார் 28 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 56, 84-ம் வரும். உயரம் 10 அடியானால் அதுவும் 56. ஆக 20-க்கு 10 உயரம் என்ற அறையில் 56 ஹெர்ட்ஸ் இரண்டு பக்கமிருந்தும் வீங்கும். அகலமும் 10 அடி என்றால் மூன்று பக்கமும் சேர்ந்து ஒரே சுருதியில் குமுறும்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றுக்கொன்று சமமாகவோ சரி இரட்டிப்பாகவோ இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். 21க்கு 14½, உயரம் 9½ என்பது போல வைத்தால் அலைவரிசைகள் ஓரளவு பிரிந்து நிற்கும். கட்டி முடித்த அறை என்றால், முன்பக்கம் திரைக்குப் பின்னால் ஒரு மேடைச் சுவர் எழுப்பி நீளத்தை மாற்றலாம்.

உட்காரும் இடத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அறையின் நட்டநடுவில் வேண்டாம். நீளத்தால் வரும் முதல் அலைவரிசை (20 அடிக்கு 28 ஹெர்ட்ஸ்) அங்கே காணாமல் போகும். பின்சுவரை ஒட்டியும் வேண்டாம். அங்கே எல்லாப் பேஸும் வீங்கும். பின்சுவரிலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி சோபாவைப் போடுங்கள். 20 அடி அறைக்கு ஆறரை, ஏழு அடி. "இவ்வளவு இடம் வீணா?" என்று வீட்டில் கேட்பார்கள். அந்த இடம்தான் உங்களுக்கு நல்ல சத்தத்தைத் தரும்.

4. பூச்சுக்கு முன் பைப்

மேல்தளக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே சீலிங் ஸ்பீக்கர் இடங்களுக்கு ஜங்ஷன் பாக்ஸ் வைத்துவிட்டால் பிறகு காடி வெட்ட வேண்டியதில்லை. கரண்ட் பைப்பும் ஸ்பீக்கர் பைப்பும் ஓரடியாவது தள்ளிப் போகட்டும். குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகப் போக வேண்டும். ரிசீவரிலிருந்து புரொஜெக்டருக்கு இரண்டு அங்குலப் பைப் போடுங்கள். அதில் எல்போ வேண்டாம், நீள வளைவு மட்டும் போடச் சொல்லுங்கள். ஹெச்டிஎம்ஐ கேபிளின் தலை எல்போவில் மாட்டிக்கொண்டால் பின்பு சுவரை உடைப்பதைத் தவிர வழியில்லை. 10 மீட்டருக்கு மேல் தூரமானால் ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்கு இந்த முனை, அந்த முனை என்று திசை உண்டு; இழுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். இங்கேதான் ஏமாற்று அதிகம்: அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய ஒயரைச் செம்பு விலைக்கு விற்பார்கள். முனையை வெட்டி ஓர் இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் இஞ்ச் டேப் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் பேனல் மாட்ட ட்ரில் போடுகிறவருக்கு அதுதான் வரைபடம்.

5. மேலே போகும் சத்தம், கீழே வரும் சத்தம்

சத்தம் வெளியே போகாமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே சத்தத்தைச் சீராக்குவது இன்னொரு வேலை. சுவரில் பேனல் மாட்டினால் மாடியில் தூங்குகிறவருக்குச் சத்தம் குறையாது. ஃபோமாலும் வெளியே போகும் சத்தம் நிற்காது, முட்டை அட்டையால் எதுவுமே ஆகாது.

கீழ் அறைக்குப் பக்கவாட்டில் மண் இருப்பதால் அண்டை வீட்டுத் தொல்லை குறைவு. கசிவது கூரை வழியாகவும் படிக்கட்டு வழியாகவும்தான். கூரைக்கு இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகையை ரப்பர் வைத்த தொங்கிகளில் தொங்கவிட்டு, இடையில் ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) நிரப்ப வேண்டும். இதற்கு அரை அடிக்கு மேல் உயரம் போகும். அதனால் தோண்டும்போதே பத்தடிக்குக் குறையாமல் எடுங்கள். மேலே பாத்ரூம் இருந்தால் கழிவுநீர்ப் பைப்பைச் சத்தம் வராதபடி சுற்றிலும் மூடிக் கட்டிவிடுங்கள். படத்தின் அமைதியான காட்சியில்தான் அந்தத் தண்ணீர் சத்தம் கேட்கும். கதவு கனமான கட்டைக் கதவாக, சுற்றிலும் ரப்பர் பட்டையோடு, கீழே இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். கதவடியில் விரல் நுழைந்தால் மற்றச் செலவெல்லாம் வீண்.

மூடிய அறைக்குள் நான்கைந்து பேர் இரண்டரை மணி நேரம் இருப்பார்கள். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றும். வெளிக்காற்று வர ஒரு சின்ன டக்ட்டும் ஃபேனும் தனியாக வேண்டும்.

6. ஸ்பீக்கர் தேர்வு

முதலில் எத்தனை ஸ்பீக்கர் என்று முடிவு செய்யுங்கள். ஒற்றை வரிசை இருக்கை உள்ள அறைக்கு 5.1 அமைப்போடு (முன்னால் இடது, சென்டர், வலது, பக்கவாட்டில் சரவுண்ட் இரண்டு, ஒரு சப்வூஃபர்) சீலிங்கில் இரண்டு அல்லது நான்கு சேர்த்தாலே மேலிருந்தும் சத்தம் வரும் டால்பி அட்மாஸ் கிடைத்துவிடும். பின்பக்க ஸ்பீக்கர் இரண்டைக் கூட்டுவதைவிட அந்தக் காசை சென்டர் ஸ்பீக்கரில் போடுங்கள். படத்தின் வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. முன்பக்க மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையாக இருக்க வேண்டும். சென்டருக்கு மட்டும் மலிவானதைச் சேர்த்தால் ஆள் திரையில் நடக்கும்போது குரல் மாறும்.

வாட் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். டப்பாவில் '1000 வாட்' என்று இருப்பது விளம்பரம். ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்று சொல்லும் சென்சிட்டிவிட்டி எண்ணைப் பாருங்கள்: 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு வேண்டிய பவரில் பாதி போதும் 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு. குறையும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வேண்டிய பவர் இரட்டிப்பாகும். சாதாரண ரிசீவர் வாங்கப் போகிறீர்கள் என்றால் 88-க்கு மேல், 8 ஓம் என்று தேடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர்களை அது சிரமப்பட்டுத்தான் இழுக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை: முன் இடது, வலது ஸ்பீக்கர்கள் நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து நடுவுக்கு இருபுறமும் 22 முதல் 30 டிகிரிக்குள். சரவுண்ட் காதுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால், காது மட்டத்துக்குச் சற்று மேலே. அதைக் கூரையோரம் ஏற்றிவிடாதீர்கள். சீலிங் ஸ்பீக்கரோடு கலந்து அட்மாஸின் பயனே போய்விடும்.

கடையில் கேட்கும்போது உங்களுக்கு நேரில் பழக்கமான ஒலியைப் போடச் சொல்லுங்கள். நான் நாதஸ்வரம், தவில் பதிவு ஒன்றும் கோயில் நோம்பியில் (திருவிழாவில்) எடுத்த ஜமாப் மேளப் பதிவு ஒன்றும் எடுத்துப் போவேன். ஜமாப் அடி நெஞ்சில் எப்படி விழும் என்று நம் பக்கத்துக்காரருக்குத் தெரியும். ஸ்பீக்கர் அதை இழுத்துக் குழைத்தால் உடனே பிடிபடும். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்த அளவு ஒன்றாக இருக்கட்டும். கொஞ்சம் கூடுதலாக வைத்தது எப்போதும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். விற்பவர்களுக்கு அது தெரியும்.

பில் ஜிஎஸ்டியோடு, சீரியல் நம்பரோடு வேண்டும். 'இம்போர்ட் பீஸ், விலை குறைவு' என்பதில் பெரும்பாலும் இந்திய வாரண்டி இருக்காது. இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டர், ஏசி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி ஆகியவற்றின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய கொட்டேஷனை வைத்துப் பேசினால் கவனியுங்கள்.

7. சப்வூஃபர்: ஒன்று பெரிதா, இரண்டு சிறிதா

கான்கிரீட் அறைக்கு இரண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று வைத்தால் நீளவாட்டில் வீங்கும் பேஸில் பாதி ஒன்றையொன்று அடக்கிவிடும். சோபாவின் மூன்று இருக்கைக்கும் ஏறக்குறைய ஒரே பேஸ் வரும்.

இப்போதைக்கு ஒன்றுதான் என்றால் அதன் இடத்தை இப்படிக் கண்டுபிடியுங்கள். சப்வூஃபரைச் சோபாவின் மேலேயே, நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் கிடார் சீராக ஓடும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே கனத்தில் கேட்கிறதோ, சப்வூஃபர் அங்கே போக வேண்டும். அதிகமாகக் குமுறும் மூலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

8. பேனல்: ஆசாரியை வைத்துச் செய்வது

வெற்று அறையில் ஒருமுறை கைதட்டுங்கள். தட்டியது தெறித்துத் தெறித்து ஓடும். அதற்காக நான்கு சுவரிலும் கார்பெட் ஒட்டச் சொல்வார்கள். கார்பெட்டும் மெல்லிய ஃபோமும் மேல் ஸ்தாயியை மட்டும் தின்னும். பேஸ் அப்படியே நிற்கும். அறை மந்தமாகவும் குமுறலாகவும் ஆகிவிடும். பவானி ஜமக்காளம் தரையில் விரிக்க அருமை. பேனல் வேலையை அதனால் செய்ய முடியாது.

எனக்கு வந்த ஒரு கொட்டேஷனில் 'அக்கூஸ்டிக் வேலை, சதுர அடிக்கு இவ்வளவு' என்று மட்டும் இருந்தது. என்ன பொருள், எத்தனை அங்குலம், எவ்வளவு அடர்த்தி, எதுவும் இல்லை. கேட்டபோது ஒரு அங்குல ஃபோம் என்றார்கள். இந்த மூன்றும் எழுதாத கொட்டேஷனுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். பாலியூரிதேன் ஃபோம் சட்டென்று தீப்பிடித்து விஷப்புகை கக்கும். ஒரே வழி உள்ள கீழ் அறையில் அதை வைக்கவே கூடாது. ராக்வூல் எரியாது.

அளவு: இரண்டுக்கு நான்கு அடிச் சட்டம், நான்கு அங்குல ராக்வூல், கன மீட்டருக்கு 48 முதல் 64 கிலோ அடர்த்தி. சட்டத்துக்குக் கரையான் மருந்து அடித்த மரம். ராக்வூலை மெல்லிய நான்-ஓவன் துணியில் சுற்றி வைத்தால் தூசி பறக்காது; வேலை செய்கிறவர் முகக்கவசமும் கையுறையும் போட வேண்டும். மேல்துணிக்கு திருப்பூர் கட்பீஸ் கடையில் பின்னல் துணி எடை போட்டு வாங்கலாம். துணியை வாயருகே பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று பட்டால் அந்தத் துணி ஆகும். ரெக்ஸின், கனத்த திரைச்சீலைத் துணி ஆகாது.

சுவரோடு ஒட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி மாட்டுங்கள். அந்த இடைவெளியால் இன்னும் கீழ் ஸ்தாயி வரை பேனல் வேலை செய்யும். கீழ் அறைச் சுவருக்குக் காற்றோட்டமும் கிடைக்கும்.

எங்கே மாட்டுவது? நீங்கள் இருக்கையில் உட்காருங்கள். ஒருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை வைத்து நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடிக்குள் முன் ஸ்பீக்கர் தெரியும் இடமெல்லாம் பேனல் வர வேண்டிய இடம். கூரைக்கும் அப்படியே. பின்சுவருக்கு ஆறு அங்குலம், மூலைகளுக்குத் தரையிலிருந்து கூரை வரை முடிந்த அளவு கனமாக. மீதிச் சுவரைச் சும்மா விடுங்கள்.

9. அளப்பது

ரிசீவரோடு வரும் மைக்கைச் சோபாவில் படுக்க வைக்காமல், ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு ஆட்டோ செட்டிங்கை ஓட்டுங்கள். முடிந்ததும் எல்லா ஸ்பீக்கரும் 'ஸ்மால்', பிரிப்பு 80 ஹெர்ட்ஸ் (அதற்குக் கீழான பேஸ் சப்வூஃபருக்குப் போகும்) என்று இருக்கிறதா பாருங்கள். இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் ஒரு யுஎஸ்பி அளவு மைக் வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் 'ரூம் ஈக்யூ விஸார்ட்' மென்பொருளில் பேஸ் வரைபடத்தைப் பாருங்கள். மேட்டை ஈக்வலைசரால் வெட்டலாம். பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள், ஆம்ப்ளிஃபையர்தான் சூடாகும். பள்ளத்துக்கு மருந்து சப்வூஃபரையோ இருக்கையையோ நகர்த்துவதுதான்.

10. செலவும் காலமும்

கட்டட வேலை, நீர்த்தடுப்பு, கூரை, ஏசி, புரொஜெக்டர், இருக்கை நீங்கலாக 5 லட்சம் ரூபாய் கையில் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: பேனல் வேலைக்கு 1 லட்சம், மின்வேலையும் ஒயரும் 50 ஆயிரம், முன்பக்க மூன்று ஸ்பீக்கர் 1 லட்சத்து 20 ஆயிரம், சரவுண்டும் சீலிங்கும் 60 ஆயிரம், சப்வூஃபர் இரண்டு 80 ஆயிரம், ரிசீவர் 80 ஆயிரம், மைக்கும் சில்லறையும் 10 ஆயிரம். 3 லட்சம்தான் என்றால் சீலிங் ஸ்பீக்கரையும் இரண்டாவது சப்வூஃபரையும் தள்ளிப் போட்டு, மற்ற ஸ்பீக்கரையும் ரிசீவரையும் விலை குறைந்ததாகப் பாருங்கள். அவற்றுக்கான பைப்பை மட்டும் இப்போதே போட்டுவிடுங்கள். பேனல் பணத்தில் கைவைக்காதீர்கள்.

வைகாசிக்குள் நீர்த்தடுப்பும் பைப்பும், மழை முடிந்து மார்கழியில் ஈரச் சோதனை, தையில் கூரையும் கதவும், மாசியில் பேனல் என்று வைத்துக்கொண்டால் அவசரமில்லாமல் நடக்கும். தீபாவளியை ஒட்டி எந்த வேலையையும் பாதியில் வைக்காதீர்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும், திறந்து கிடக்கும் ஜிப்சம் பலகை ஈரம் குடிக்கும். ரிசீவரையும் புரொஜெக்டரையும் கடைசியாக வாங்குங்கள். முன்கூட்டி வாங்கி டப்பாவில் வைத்தால் வாரண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் முடிந்து வரும் முதல் மழைக்காலத்தில் ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி அறையில் வையுங்கள். 60 சதவீதத்தைத் தாண்டினால் டீஹியூமிடிஃபையர் ஓட வேண்டும். மாதம் ஒருமுறை கீழ்வரிசைப் பேனல் இரண்டைக் கழற்றி அதன் முதுகைத் தொட்டுப் பாருங்கள். நீர்த்தடுப்பு உத்தரவாதக் கடிதத்தை அந்த மழை முடியும்வரை கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.